ரசீது கிடைத்தது, பணம் சேர்ந்ததா?

கம்ப்யூட்டர் கையேட்டில் ஒரு வாக்கியம் படும் பாடு

சம்பள நாளன்று பம்பாய் தாராவியிலும், டில்லி கரோல்பாகிலும், பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலும் இருந்த தமிழர்கள் முதலில் போய் நின்ற இடம் தபாலாபீஸ். மணியார்டர் பாரத்தை நிரப்பி, பணத்தை எண்ணிக் கொடுத்தால், கவுண்டரில் இருப்பவர் முத்திரை குத்தி ஒரு ரசீதைக் கொடுப்பார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.

ஆனால் அந்த ரசீதோடு கவலை தீர்ந்துவிடாது. சில நாள் கழித்து இன்னொரு சீட்டு வரும். ஊரில் தாயாரோ மனைவியோ கையெழுத்துப் போட்ட, அல்லது பெருவிரல் ரேகை வைத்த சீட்டு. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விடுவார்கள். 'பணம் சேர்ந்துவிட்டது' என்று பக்கத்து அறைக்காரரிடம் சொல்வார்கள்.

இரண்டும் காகிதந்தான். இரண்டிலும் தபாலாபீஸ் முத்திரை உண்டு. முதல் சீட்டு 'வாங்கிக்கொண்டோம்' என்கிறது. இரண்டாவது சீட்டு 'கொடுத்துவிட்டோம்' என்கிறது. முதலாவதைப் பார்த்து இரண்டாவது என்று நினைத்துக்கொள்பவர் ஏமாந்து போவார்.

கம்ப்யூட்டருக்குள்ளேயும் இப்படி இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. எந்தச் சீட்டுக்கு என்ன பொருள் என்பதைக் கம்ப்யூட்டரின் கையேடு சொல்ல வேண்டும். கையேட்டில் அந்த வாக்கியம் தெளிவாக இல்லாததால் உலகம் முழுவதும் தகவல்கள் தொலைந்திருக்கின்றன. தெரிந்தவர்கள் செய்த தவறு இது. பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் நடந்த தவறு.

கவுண்டருக்குப் பின்னால்

வங்கியில் கணக்கு எழுதும் புரோகிராம் ஆனாலும், ரயில் டிக்கெட் கொடுக்கும் புரோகிராம் ஆனாலும், எந்தப் புரோகிராமும் டிஸ்க்கை நேரடியாகத் தொட முடியாது. நடுவில் 'ஆபரேட்டிங் சிஸ்டம்' என்னும் நிர்வாகி உட்கார்ந்திருக்கிறது. அதன் உட்கருவுக்குக் 'கெர்னல்' என்று பெயர். ஏதாவது காரியம் ஆக வேண்டுமானால் புரோகிராம் கெர்னலின் கவுண்டருக்கு வந்து மனுப் போட வேண்டும். இந்த மனுவுக்குத்தான் 'சிஸ்டம் கால்' என்று பெயர்.

ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு கவுண்டர். ஃபைலைத் திறக்க 'ஓப்பன்'. படிக்க 'ரீட்'. எழுத 'ரைட்'. மூட 'க்ளோஸ்'. இன்று உலகின் பெரும்பாலான சர்வர்களை ஓட்டும் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இப்படி முந்நூறுக்கும் மேற்பட்ட கவுண்டர்கள் இருக்கின்றன.

ஒரு புரோகிராம் 'ரைட்' கவுண்டருக்கு வந்து, "இந்த ஆயிரம் எழுத்தை இந்த ஃபைலில் எழுதவும்" என்று கொடுக்கிறது. கெர்னல் வாங்கிக்கொண்டு, "ஆயிரம்" என்று பதில் சொல்கிறது. ஆயிரம் எழுத்தும் எழுதியாயிற்று என்று புரோகிராம் நினைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகிறது.

உண்மையில் அந்த ஆயிரம் எழுத்தும் அப்போது டிஸ்க்குக்குப் போகவில்லை. கெர்னல் அவற்றை மெமரியில் வைத்திருக்கிறது. தபாலாபீஸில் பை நிறையும்வரை கடிதங்கள் காத்திருப்பதைப் போல. அந்த நேரத்தில் மின்சாரம் போனால் மெமரியில் உள்ளது அழிந்துவிடும்.

ஏன் இந்தத் தாமதம்? காரணம் வேகம். சாதாரணமான சுழலும் டிஸ்க் நிமிஷத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு நேரம் ஆகிறது. மெமரியில் ஓரிடத்தை எட்ட ஏறத்தாழ ஒரு வினாடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு போதும். சுமார் எண்பதாயிரம் மடங்கு வித்தியாசம்! ஒவ்வோர் எழுத்துக்கும் டிஸ்க்குக்கு ஓடினால் எந்த வேலையும் நடக்காது. ஆகவே கெர்னல் சேர்த்து வைத்து, மொத்தமாகக் கொண்டுபோய்ப் போடுகிறது. லினக்ஸில் வழக்கமான ஏற்பாட்டின்படி, மெமரியில் இருக்கும் புதிய தகவல் சுமார் 30 வினாடி ஆன பிறகே 'பழையது' என்று கருதப்பட்டு டிஸ்க்குக்கு அனுப்பப்படுகிறது.

இந்த முப்பது வினாடி காத்திருக்க முடியாதவர்களுக்காக இன்னொரு கவுண்டர் இருக்கிறது. அதன் பெயர் 'எஃப்சிங்க்'. இந்தக் கவுண்டரில் மனுப் போட்டால், தகவல் டிஸ்க்கில் சேர்ந்ததாக டிஸ்க் சொல்லும்வரை கெர்னல் பதில் சொல்லாது. மணியார்டரில் ஊரிலிருந்து திரும்பி வரும் சீட்டு இதுதான்.

குறையை எழுதி வைத்த கையேடு

எந்தக் கவுண்டரில் என்ன கிடைக்கும் என்பதை எழுதி வைக்கும் வழக்கம் பழையது. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் யூனிக்ஸ் என்னும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கினார்கள். அதன் முதல் கையேடு 1971 நவம்பர் 3-ஆம் தேதியிட்டு வெளிவந்தது.

அந்தக் கையேட்டில் ஒரு புதுமை இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், உபயோகிக்கும் முறை, விளக்கம் என்று தலைப்புகள் இருந்தன. அவற்றோடு 'குறைகள்' என்றும் ஒரு தலைப்பு இருந்தது. தாங்கள் செய்த பொருளில் என்ன கோளாறு என்பதைச் செய்தவர்களே எழுதி வைத்தார்கள். சோப்பு விற்பவர் பெட்டியின் மேலேயே 'இது கம்பளிக்கு ஆகாது' என்று அச்சடித்து விற்பதைப் போல.

எஃப்சிங்க் 1983-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்போடு பரவியது. 1991-இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டார்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். அதற்கும் கையேடு வேண்டுமல்லவா? 1993 முதல் பலர் சேர்ந்து எழுதத் தொடங்கினார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த கணித அறிஞர் ஆந்திரீஸ் புரோவர் 1995 முதல் 2004 வரை அதைக் கவனித்துக்கொண்டார். அவருக்குப் பின் மைக்கேல் கெரிஸ்க் ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகள் நடத்தினார். 2020 முதல் அலெஹாந்த்ரோ கொலோமர் அதில் சேர்ந்து, பின்னர் முழுப் பொறுப்பையும் ஏற்றார்.

இந்தக் கையேட்டின் இரண்டாம் பகுதிதான் சிஸ்டம் கால்களுக்கு உரியது. ஒரு காலுக்கு ஒரு பக்கம். இந்தப் பக்கங்களை எழுதுவதும் திருத்துவதும் கண்ணுக்குத் தெரியாத வேலை. புதிய கருவியைச் செய்தவரை உலகம் பாராட்டும். 'என்று பொருள் அல்ல' என்று ஒரு வாக்கியம் சேர்த்தவரை யார் பாராட்டுவார்?

மூன்று வாக்கியங்கள்

அந்த ஒரு வாக்கியம் என்ன செய்யும் என்பதற்கு 'ரைட்' கவுண்டரையே எடுத்துக்கொள்ளலாம். அதை மூன்று விதமாக எழுதிப் பார்க்கலாம்.

முதல் விதம்: 'இது கொடுத்த தகவலை ஃபைலில் எழுதும்.' இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படிப்பவர் பதில் வந்ததும் தகவல் டிஸ்க்கில் இருக்கிறது என்று நம்பிவிடுவார்.

இரண்டாம் விதம்: 'வெற்றி என்று பதில் வந்தாலும், தகவல் டிஸ்க்கில் சேர்ந்ததற்கு அது உறுதி ஆகாது.' இப்போது படிப்பவர் எச்சரிக்கை அடைகிறார். ஆனால் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார்.

மூன்றாம் விதம்: மேலே சொன்னதோடு, 'உறுதி வேண்டுவோர் எழுதி முடித்த பின் எஃப்சிங்க் அழைக்க வேண்டும்.' இப்போதுதான் காரியம் முடிகிறது.

லினக்ஸ் கையேடு இந்த மூன்றாம் விதத்தைத்தான் சொல்கிறது. எஃப்சிங்க் பக்கத்திலும் இதே மாதிரி ஓர் எச்சரிக்கை உண்டு. ஃபைலின் உள்ளடக்கம் டிஸ்க்கில் சேர்ந்துவிட்டாலும், அந்த ஃபைல் எந்த டைரக்டரியில் இருக்கிறது என்னும் பதிவு சேர்ந்திருக்க வேண்டிய அவசியம் இல்லையாம். அதற்குத் தனியாக ஒரு எஃப்சிங்க் வேண்டும்.

ஆபீசில் வேலை செய்பவர்களுக்கு இது விளங்கும். கடிதம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ரிஜிஸ்டரில் பதிவு இல்லை. நாளைக்கு யார் அதைத் தேடி எடுப்பார்கள்? இருந்தும் இல்லாத கடிதம் அது.

விதியும் வழக்கமும்

வாக்கியம் சரியாக இருந்தாலும் படிக்காதவர்களை என்ன செய்வது? 2009-ஆம் ஆண்டு அப்படி ஒரு தகராறு எழுந்தது.

அதற்கு முன்னால் லினக்ஸில் பெரும்பாலோர் 'எக்ஸ்ட்-3' என்ற ஃபைல் முறையை உபயோகித்தார்கள். அதன் வழக்கமான ஏற்பாட்டில் ஐந்து வினாடிக்கு ஒரு முறை தகவல்கள் டிஸ்க்குக்குப் போய்விடும். கையேடு அப்படி எந்த உறுதியும் கொடுக்கவில்லை. ஆனால் நடந்து வந்தது. புரோகிராம் எழுதியவர்களும் அதற்குப் பழகிப்போனார்கள். எஃப்சிங்க் அழைப்பதை விட்டுவிட்டார்கள்.

அடுத்து 'எக்ஸ்ட்-4' வந்தது. வேகத்துக்காக அது தகவலை இன்னும் அதிக நேரம் மெமரியில் வைத்திருந்தது. கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுபோனபோது, பலருடைய ஃபைல்கள் பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமே இல்லாமல் கிடந்தன. பழைய ஃபைலைக் காலி செய்த உத்தரவு டிஸ்க்குக்குப் போய்விட்டது. புதிய தகவல் போகவில்லை.

ஃபைல் முறையை எழுதியவர்கள், "கையேட்டில் நாங்கள் உறுதி கொடுக்கவில்லையே" என்றார்கள். உபயோகித்தவர்கள், "இத்தனை நாள் நடந்து வந்ததே" என்றார்கள். விதி ஒரு பக்கம், வழக்கம் ஒரு பக்கம். கடைசியில் இரண்டு தரப்பும் இறங்கி வந்தன. அடிக்கடி நேரும் இரண்டு சந்தர்ப்பங்களில் தகவலை முன்னதாகவே டிஸ்க்குக்கு அனுப்பும்படி எக்ஸ்ட்-4 மாற்றப்பட்டது. எஃப்சிங்க் அழைப்பது புரோகிராம்காரரின் கடமை என்பதும் பலருக்கு அப்போதுதான் உறைத்தது.

சிட்டாவும் பேரேடும்

அதைவிடப் பெரிய அதிர்ச்சி 2018-இல் வந்தது. இந்தத் தடவை கடமை தவறாதவர்களே மாட்டிக்கொண்டார்கள்.

'போஸ்ட்கிரெஸ்' என்று ஒரு தகவல் கிடங்கு மென்பொருள் உண்டு. கணக்கு, பதிவேடு, வாடிக்கையாளர் விவரம் என்று உலகம் முழுவதும் பல நிறுவனங்கள் அதில் தகவலைச் சேமிக்கின்றன. தகவலைப் பாதுகாப்பதில் பெயர் பெற்றது.

அது வேலை செய்யும் முறை நம் கடைக் கணக்கு முறையேதான். வரவு செலவை முதலில் சிட்டாவில் எழுதும். பிறகு நிதானமாகப் பேரேட்டில் ஏற்றும். பேரேட்டில் ஏறியது உறுதியானால் சிட்டாவின் பழைய தாள்கள் தேவை இல்லை, கழித்துவிடும். நடுவில் மின்சாரம் போனாலும் பயம் இல்லை. சிட்டாவைப் பார்த்து மறுபடி பேரேட்டில் ஏற்றிக்கொள்ளலாம்.

பேரேட்டில் ஏறியதா என்று அறிய அது எஃப்சிங்க் கவுண்டரைத்தான் நம்பியிருந்தது. எஃப்சிங்க் 'தோல்வி' என்று சொன்னால் சிட்டாவைக் கழிக்காது. சற்றுப் பொறுத்து மறுபடி எஃப்சிங்க் அழைக்கும். 'வெற்றி' என்று வந்தால் சிட்டாவைக் கழிக்கும். இதைவிட ஜாக்கிரதையாக யார் இருக்க முடியும்?

2018 மார்ச்சில் போஸ்ட்கிரெஸ் பொறியாளர் ஒருவர் விபரீதத்தைக் கண்டுபிடித்தார். டிஸ்க்கில் எழுதும்போது கோளாறு ஏற்பட்டால், கெர்னல் ஒரு தடவை 'தோல்வி' என்று சொல்கிறது. சொல்லிவிட்டு, மெமரியில் இருந்த அந்தத் தகவலை 'எழுத வேண்டியது' என்ற பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது. இரண்டாம் முறை எஃப்சிங்க் அழைக்கும்போது, எழுத வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. ஆகவே 'வெற்றி' என்று பதில் வருகிறது!

போஸ்ட்கிரெஸ் அதை நம்பிச் சிட்டாவைக் கழிக்கிறது. பேரேட்டில் பதிவு இல்லை. சிட்டாவும் போய்விட்டது. எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை. சுமார் இருபது ஆண்டுகளாக இந்த நம்பிக்கையில்தான் அது ஓடிக்கொண்டிருந்தது.

'முடியவில்லை' என்றால் என்ன?

குற்றம் யாருடையது? இங்கேதான் வாக்கியத்தின் விளையாட்டைப் பார்க்க வேண்டும்.

யூனிக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டங்களுக்குப் பொதுவான தர விதி ஒன்று உண்டு. எஃப்சிங்க் தோற்றுப் போனால், நிலுவையில் உள்ள எழுத்து வேலைகள் முடிந்துவிட்டதாக உறுதி இல்லை என்று அது சொல்கிறது. அதற்கு மேல் சொல்லவில்லை.

மணியார்டர் பட்டுவாடா ஆகவில்லை என்று தபாலாபீஸ் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். பணம் இன்னும் தபாலாபீஸில் இருக்கிறது, நாளைக்குத் தபால்காரர் மறுபடி போவார் என்பது ஒன்று. பணப்பை ஆற்றில் விழுந்துவிட்டது என்பது இன்னொன்று. இரண்டிலும் பட்டுவாடா ஆகவில்லை என்பது உண்மை.

போஸ்ட்கிரெஸ்காரர்கள் முதல் பொருளை எடுத்துக்கொண்டார்கள். கெர்னல் இரண்டாம் பொருளில் நடந்துகொண்டது. தோல்விக்குப் பின் அந்தத் தகவல் என்ன ஆகும், மறுபடி கேட்டால் வரும் பதிலை நம்பலாமா என்னும் கேள்விக்கு எஃப்சிங்க் பக்கத்தில் அப்போது தெளிவான பதில் இல்லை.

கெர்னல்காரர்களிடமும் நியாயம் இருந்தது. யாரோ ஒருவர் யூஎஸ்பி டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த டிஸ்க் திரும்பி வரப்போவதில்லை. அதற்கான தகவலை என்றென்றும் மெமரியில் வைத்திருந்தால் மெமரி நிரம்பி மற்ற வேலைகளும் நின்றுபோகும். ஆகவே தள்ளிவிடுகிறோம் என்றார்கள். இருக்கலாம். ஆனால் தள்ளிவிடுவோம் என்பதைப் படிப்பவருக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?

2018 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கெர்னல் பொறியாளர்கள் கூடியபோது இது விவாதிக்கப்பட்டது. முடிவில் போஸ்ட்கிரெஸ் தன் வழியை மாற்றிக்கொண்டது. 2019 பிப்ரவரி 14-ஆம் தேதி வெளியான திருத்தப் பதிப்புகளில், எஃப்சிங்க் ஒரு தடவை 'தோல்வி' என்று சொன்னாலே அது வேலையை நிறுத்திவிடுகிறது. பிறகு புதிதாகத் தொடங்கி, சிட்டாவைப் பார்த்துப் பேரேட்டை மறுபடி எழுதுகிறது. இரண்டாம் பதிலை நம்புவதில்லை.

இதே காலத்தில் கையேட்டின் எஃப்சிங்க் பக்கத்தில் இன்னொரு விளக்கமும் இடம் பெற்றிருந்தது. ஒரே ஃபைலைப் பல புரோகிராம்கள் திறந்து வைத்திருக்கலாம். எழுதுவதில் கோளாறு வந்தால் அது யாருக்குச் சொல்லப்படும்? முன்பெல்லாம் முதலில் வந்து கேட்டவருக்குச் சொல்லிவிட்டு விட்டுவிடும் நிலை இருந்தது. 2017-இல் வெளிவந்த லினக்ஸ் 4.13 முதல் சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் சொல்லப்படுகிறது. 'எந்தப் பதிப்பிலிருந்து' என்பதையும் கையேடு குறிப்பிடுகிறது. தேதி இல்லாத சர்க்குலர் எவ்வளவு தொல்லை தரும் என்பது ஆபீஸ் ஊழியர்களுக்குத் தெரியாததா?

டோக்கன் நம்பர் கதை

தோல்விக்குப் பின் என்ன செய்வது என்று சொல்லாமல் விடுவதன் ஆபத்துக்கு 'க்ளோஸ்' கவுண்டரும் நல்ல உதாரணம்.

ஒரு ஃபைலைத் திறந்தவுடன் கெர்னல் புரோகிராமுக்கு ஒரு நம்பர் கொடுக்கிறது. வங்கி டோக்கன் மாதிரி. வேலை முடிந்ததும் 'க்ளோஸ்' சொல்லி நம்பரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சில சமயம் க்ளோஸ், 'நடுவில் இடையூறு' என்று பதில் சொல்லும். இடையூறு என்றால் மறுபடி முயல்வதுதானே இயற்கை?

லினக்ஸில் அது தவறு. இடையூறு என்று சொல்லும் முன்பே நம்பர் விடுவிக்கப்பட்டுவிடுகிறது. அதற்குள் புரோகிராமின் இன்னொரு பகுதி புதிய ஃபைலைத் திறந்திருந்தால் அதே நம்பர் அதற்குப் போயிருக்கும். மறுபடி க்ளோஸ் சொன்னால் மூடப்படுவது அடுத்தவருடைய ஃபைல்! ஆனால் ஹெச்பி கம்பெனியின் யூனிக்ஸில் முறை வேறு. அங்கே நம்பர் விடுவிக்கப்படாமல் இருக்கும்; மறுபடி முயல வேண்டும்.

லினக்ஸ் கையேட்டின் க்ளோஸ் பக்கத்தில் இப்போது இதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. மறுபடி முயலாதே என்பதையும், ஏன் என்பதையும், மற்ற இடங்களில் எப்படி என்பதையும் அது சொல்கிறது. ஒரு சில வரிகள்தான். அந்த வரிகள் இல்லாமல் இந்தக் கோளாறைத் தேடுபவர் நாட்கணக்கில் தூக்கம் கெட்டுத் திரிவார்.

'ஆவன செய்யப்படும்'

நம் ஆபீஸ் கடிதங்களில் ஒரு தொடர் உண்டு: 'ஆவன செய்யப்படும்'. யார் செய்வார், எப்போது செய்வார், செய்யாவிட்டால் யாரைக் கேட்பது என்று எதுவும் அதில் இல்லை. எழுதுபவருக்கு வசதி. பெறுபவருக்குத் திண்டாட்டம்.

கையேட்டிலும் இந்த நோய் உண்டு. 'தகவல் எழுதப்படும்' என்றால் யார் எழுதுகிறார், எங்கே, எப்போதுக்குள்? 'பிழை வரலாம்' என்றால் எந்தப் பிழை, வந்தால் மேற்கொண்டு என்ன? நல்ல திருத்தம் பெரும்பாலும் புதிய விஷயத்தைச் சேர்ப்பதில்லை. 'லாம்' என்று இருப்பது 'வேண்டும்' ஆகுமா, 'படும்' என்று இருப்பதற்கு எழுவாய் யார் என்று கேட்பதில்தான் அது தொடங்குகிறது.

ஆனால் கேட்டால் மட்டும் போதாது. கையேட்டைத் திருத்துபவர் கெர்னலின் மூல நிரலைப் படிக்க வேண்டும். சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி, கெர்னல் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறது என்று சோதிக்க வேண்டும். எழுதியவரையே கேட்க வேண்டும். இன்று நடப்பது தற்செயலா, நாளைக்கும் நடக்கும் என்ற உறுதியா என்று பிரித்தறிய வேண்டும். தற்செயலாக நடப்பதை எல்லாம் உறுதி என்று எழுதிவிட்டால், நாளைக்கு அதை மாற்ற முடியாது. உறுதியாக நடப்பதை எழுதாமல் விட்டால், நம்ப வேண்டியதையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு வாக்கியத்துக்கு இத்தனை உழைப்பு.

இந்த உழைப்புக்குக் கூலி? பல ஆண்டுகள் இந்தக் கையேடு பெரும்பாலும் ஓய்வு நேர வேலையாகவே நடந்தது. கோடிக்கணக்கான இயந்திரங்கள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கையேடு அது. 2024 செப்டம்பரில் கொலோமர், பண உதவி இல்லாமல் தொடர முடியவில்லை என்று சொல்லிப் பணியை நிறுத்திவைத்தார். பின்னர் சில நிறுவனங்கள் உதவ முன்வந்ததால் பணி மீண்டும் தொடங்கியது.

சீட்டைப் படிக்கும் பழக்கம்

இவ்வளவும் பொறியாளர்கள் விவகாரம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இன்று ஊருக்குப் பணம் செல்போனில் போகிறது. திரையில் பச்சை நிறத்தில் ஒரு குறி தோன்றுகிறது. அதன் கீழே 'கோரிக்கை ஏற்கப்பட்டது' என்று இருக்கலாம். 'பரிசீலனையில் உள்ளது' என்று இருக்கலாம். 'கணக்கில் வரவு வைக்கப்பட்டது' என்று இருக்கலாம். மூன்றும் ஒன்றல்ல. முதலாவது கவுண்டர் ரசீது. மூன்றாவதுதான் ஊரிலிருந்து வரும் சீட்டு.

'தோல்வி' என்று வந்தால் உடனே மறுபடி அனுப்பலாமா? அனுப்பினால் இரண்டு தடவை போய்விடுமா? பணம் வழியில் நிற்கிறதா, திரும்பி வந்துவிட்டதா? எஃப்சிங்க்கிடம் போஸ்ட்கிரெஸ் கேட்கத் தவறிய கேள்வியும் இதுதான். திரையில் அந்தச் சொல்லை எழுதியவர் இதை யோசித்து எழுதியிருந்தால், அனுப்பியவர் இரவு நிம்மதியாகத் தூங்குவார்.

அறிவிப்புப் பலகை எழுதுபவரும், சர்க்குலர் தயாரிக்கும் குமாஸ்தாவும், விண்ணப்பப் பாரம் அச்சடிப்பவரும் செய்வது இதே தொழில்தான். எழுதி முடித்ததும், 'இதை நம்பி ஒருவர் காரியம் செய்தால் எங்கே மாட்டிக்கொள்வார்?' என்று ஒரு தடவை படித்துப் பார்த்தால் போதும். விட்டுப்போன வாக்கியம் எது என்று தெரிந்துவிடும்.

தாராவியில் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டவர் கம்ப்யூட்டரைக் கண்டவர் அல்ல. ஆனால் இரண்டாவது சீட்டு வரும்வரை அவர் 'பணம் சேர்ந்தது' என்று யாரிடமும் சொன்னதில்லை.